கொடிமரத்துக்கு மிஞ்சிய பெயின்ட்

“விளக்கு பச்சையாத்தான எரியுது?” என்று நான் கேட்டபோது, என் கணவர் ஏன் “ஆமா” என்றார்?

இதற்கு அவர் ஒரு காரணம் சொன்னார். அந்தக் காரணம் எனக்குப் புரிகிறது. புரிந்த பிறகும் கோபம் இறங்கவில்லை. எழுதினால் தணியும் என்று அம்மா சொன்னாள். குழந்தை தூங்கும் பகல் நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். எழுத எழுத இன்னும்தான் ஏறுகிறது.

நான் நாசரேத் பக்கம். அப்பா, அம்மா இருவரும் ஆசிரியர்கள். தூத்துக்குடியில் கல்லூரியில் படிக்கும்போது பழகிய கடற்கரைக்காரரைக் கட்டிக்கொண்டேன். எங்கள் வீட்டில் சி.எஸ்.ஐ. ஆராதனை, அவர்கள் வீட்டில் கத்தோலிக்கப் பூசை. அந்த வித்தியாசத்தை இரண்டு வீடும் ஒருவழியாக விழுங்கிக்கொண்டன. அவர் பி.காம். படித்தவர். துறைமுகத்தில் ஒரு கம்பெனியில் கொஞ்ச காலம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். பிறகு, “நாற்காலியில இருந்தா மூச்சு முட்டுது” என்று சொல்லிவிட்டுச் சங்கு குளிக்கப் போய்விட்டார். மூச்சு முட்டுகிறது என்று கடலுக்கு அடியில் போன மனிதர் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

எங்கள் ஊர், அதாவது அவர் ஊர், திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரம். பின்பக்கம் முழுக்கச் செம்மணல் தேரி. அந்த மேடு மறைப்பதால் செல்போனில் ஒரு கோடுகூட வராது. டவர் வேண்டும் என்று கேட்டதற்கு, இத்தனை சின்ன ஊருக்கு டவர் கட்டுப்படியாகாது என்று சொல்லிவிட்டார்களாம். பேச வேண்டுமென்றால் தேரியைச் சுற்றிப் போகும் ரோட்டில், பெரிய வளைவு வரைக்கும் போக வேண்டும். கல்யாணமான புதிதில் எனக்கு அது ஒரு விளையாட்டாகத்தான் இருந்தது. மாலையில் இருவரும் பைக்கில் வளைவுக்குப் போய் அம்மாவிடம் பேசிவிட்டுத் திரும்புவோம்.

மகள் பிறந்த பிறகு விளையாட்டு முடிந்தது. அவளுக்குக் காய்ச்சல் ஏறினால் வலிப்பு வரும். முதல் தடவை வந்தது நாசரேத்தில், அம்மா வீட்டில். டாக்டர் பொறுமையாக விளக்கினார். சின்னப் பிள்ளைகள் சிலருக்கு இப்படி வரும், பெரும்பாலும் தானாக நின்றுவிடும், வளர வளரப் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் மட்டும் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

“எங்க ஊர்ல போன் எடுக்காது டாக்டர்” என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். “அப்போ போன் எடுக்கிற ஊர்ல இருங்கம்மா.”

அவ்வளவுதான். நான் நாசரேத்திலேயே இருந்துவிட்டேன். அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து போனார். மாமியார் மட்டும் ஊரெல்லாம், “மருமவளுக்கு எங்க ஊரு ஆகல, போனுக்குத்தான் வாக்கப்பட்டிருக்கா” என்று சொல்லிக்கொண்டிருந்ததாகக் கேள்வி.

இப்படி இருக்கும்போதுதான் ஊருக்குச் சாட்டிலைட் போன் வந்தது. டவர் போட முடியாத ஊர்களுக்கு வானத்திலிருந்தே லைன் கொடுக்கும் திட்டம். வலை பின்னும் கூடத்தின் மேல் கேரம் போர்டு அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டியைச் சாய்த்துப் பொருத்தினார்கள். அதிலிருந்து ஒரு வயர் இறங்கி, கூடத்துக்குள் சுவரில் மாட்டிய போனுக்கு வரும். போனுக்கு மேலே ஒரு சின்ன விளக்கு. பச்சை எரிந்தால் லைன் இருக்கிறது. சிவப்பு என்றால் இல்லை. ஊரில் யார் வேண்டுமானாலும் எந்த நேரமும் வந்து பேசலாம். அன்று மாலையே அவர் அந்தப் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டார். “இனிமே வரலாம்லா?” என்றார். நான் வந்தேன். அந்த விளக்கை நம்பித்தான் வந்தேன். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். அவரையோ, ஊரையோ, மாதாவையோ நம்பி அல்ல.

அந்தப் போனில் ஒரு குணம் உண்டு. நாம் பேசுவது அத்தனை உயரம் போய்த் திரும்ப வேண்டுமல்லவா, அதனால் எதிர்ப்பக்கத்துப் பதில் கொஞ்சம் பிந்தித்தான் வரும். மாமியாரின் மூத்த மகன் கப்பலில் வேலை பார்க்கிறார். அவரிடம் முதல்முறை பேசிவிட்டு வந்து மாமியார் சொன்னார்: “முன்னெல்லாம் நான் வாயத் தொறக்கும் முன்ன எடுத்தெறிஞ்சு பேசுவான். இப்ப நான் சொன்னத ஒரு நிமிசம் யோசிச்சுட்டுத்தான் பதில் சொல்லுதான். பயலுக்கு மரியாத வந்துட்டு.” நாங்கள் சிரித்தோமே தவிர யாரும் அவரைத் திருத்தவில்லை.

தினமும் கடைக்குப் போகும் வழியில் கூடத்துக்குள் எட்டிப் பார்ப்பேன். பச்சை. நிம்மதியாகத் திரும்புவேன். கூடத்தில் வலை பின்னுகிறவர்களுக்கு அது வேடிக்கை. “ஏளா, ஒம் புருசன் உள்ளயா இருக்கான், இப்பிடிப் பாத்துட்டுப் போற?” என்பார்கள். மாமியார், “அத அப்பிடிப் பாத்துப் பாத்துக் கண்ணு படப் போவுது” என்பார். சிரித்துவிட்டுப் போய்விடுவேன். சிரிக்கிறவர்களுக்கு வலிப்பு வரும் பிள்ளை இல்லை.

ஒருநாள் வீட்டில் சொன்னேன், ஜன்னல் கம்பியே ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்து உதிர்கிற ஊர் இது, உப்புக்காற்றில் அந்தப் பெட்டி என்ன ஆகுமோ என்று. நான் சொன்னது அவ்வளவுதான். இந்த ஒரு வாக்கியத்தை வைத்துப் பின்னால் என்னை அடித்தார்கள், அதனால் இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

ஆடி முடிந்து மாதா கோவில் திருவிழா வந்தது; ஊரில் அதைப் பெஸ்தா என்பார்கள். கொடியேற்றத்துக்கு முன்னால் கொடிமரத்துக்குச் சில்வர் பெயின்ட் அடிப்பார்கள். அதற்கென்று கலக்கிய பெயின்ட் மிஞ்சினால் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, கீழே கொட்டவும் கூடாது. ஊருக்குப் பொதுவான ஏதாவது ஒரு சாமானுக்கு அடித்துத் தீர்த்துவிட வேண்டும். ஒரு வருஷம் அடிபம்புக்கு அடித்தார்கள். இன்னொரு வருஷம் படகுகளைக் கரைக்கு இழுக்கும் இரும்பு உருளைக்கு. இந்த வருஷம் என் கணவர் சீரியல் பல்பு கட்டுவதற்காக வலைக்கூடத்து மேலே ஏறியிருந்தார். மிஞ்சிய டப்பாவை யாரோ கீழேயிருந்து நீட்டினார்கள். பக்கத்தில் வெள்ளைப் பெட்டி. ஊர்ப் பொதுச்சாமான். உப்புக்காற்று வேறு. இரண்டு கை அடித்துவிட்டார். வெயிலில் அது கோவில் மணி மாதிரி மினுங்கியதாம். எல்லாரும் நல்லாயிருக்கு என்றார்களாம்.

திருவிழா நாட்களில் என்னால் கூடத்துப் பக்கம் போக முடியவில்லை. வீடு நிறைய விருந்தாளிகள். காலையிலிருந்து குசினியில் நிற்கிறேன், குழந்தை இடுப்பில். அதனால் கணவரிடம் கேட்டேன். கொடியேற்றத்துக்கு மறுநாள் கேட்டேன். அதற்குப் பிறகும் கேட்டேன்.

“அங்கனதான நிக்கீய, விளக்கு பச்சையாத்தான எரியுது?”

“ஆமா.”

“பாத்தீயளா?”

“பாத்தேன்ளா. போயி வேலயப் பாரு.”

மாதாவின் சப்பரம் ஊர் சுற்றும் நாளன்று காலையிலேயே மகளுக்கு உடம்பு சுட்டது. மருந்து கொடுத்தேன், ஈரத்துணியால் துடைத்தேன். மதியம் பூசை முடிந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் கண் மேலே சொருகி, கை கால் வெட்ட ஆரம்பித்தது. நான் பதறவில்லை. இதை எழுதும்போது எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. எதற்கெடுத்தாலும் பதறுகிறவள் என்று பெயர் வாங்கிய நான் அன்று பதறவில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். டாக்டர் சொன்ன ஐந்து நிமிடமும் போயிற்று. நிற்கவில்லை. மாமியாரிடம், “மாமி, இப்பிடியே பிடிச்சுக்கிடுங்க, நான் போன் பண்ணிட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டு மணலில் ஓடினேன்.

விளக்கு சிவப்பு.

ரிசீவரை எடுத்தேன். சத்தமே இல்லை. வைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். கூடத்தில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்த ஊர்த் தலைவர் கையில் சீட்டோடு திரும்பிப் பார்த்தார்.

“அது கொடியேத்துன அன்னைக்கே செவந்துட்டுல்லா. கூட்டத்துக்கு லைன் கெடைக்கல போல. பெஸ்தா முடியவும் சரியாயிரும்” என்றார். பிறகு, “ஒம் மாப்பிளதான மொதல்ல பாத்துச் சொன்னான். ஒங்கிட்ட சொல்லலயா?”

அந்த இடத்தில் எனக்கு என்ன ஆயிற்று என்று எழுத வரவில்லை. நின்றேன். நிற்க நேரமில்லாத இடத்தில் நின்றேன். பிறகு கோவிலுக்கு ஓடினேன். பந்தலில் மைக்செட்காரர் பாட்டுப் போட்டுவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “பிள்ளைக்கு வலிப்பு, வண்டி வேணும், சொல்லுங்க” என்றேன். அவர் எச்சில் கையோடு பாட்டை நிறுத்திவிட்டு மைக்கை எடுத்தார். ஊர் முழுக்க, கடல் வரைக்கும் கேட்டது. வானத்துக்குப் போய்வர வேண்டிய அவசியம் இல்லாத ஒரு சாமான் அன்று அந்த ஊரில் வேலை செய்தது என்றால் அது அந்த ஒலிபெருக்கிதான். நான் வீட்டுக்கு வந்து சேரும் முன்னே மீனுக்கு ஐஸ் கொண்டுவரும் வண்டி வாசலில் நின்றது. எங்கிருந்தோ ஓடிவந்து என் கணவரும் ஏறினார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

தேரி வளைவில் வண்டி திரும்பியதும் என் செல்போனுக்கு உயிர் வந்தது. டிங் டிங் என்று அடுக்கடுக்காக வந்து விழுந்தது. பூப் படம் போட்ட காலை வணக்கங்கள், திருவிழா வாழ்த்துகள். மடியில் பிள்ளை வெட்டிக்கொண்டிருக்கிறாள். 108-ஐக் கூப்பிட்டேன். எதிரே வரச் சொல்கிறோம் என்றார்கள். மெயின் ரோடு ஏறும் இடத்தில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. அதற்குள் இருந்தவர் ஊசி போட்ட பிறகு மகளின் கை மெதுவாக என் கைக்குள் தளர்ந்தது. அந்தத் தளர்ச்சி எது என்று எனக்குத் தெரியவில்லை. “நின்னுட்டும்மா, தூங்குறா” என்று அவர் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

பிழைத்துக்கொண்டாள். நன்றாக இருக்கிறாள். முன்பு பேசியது போலவே பேசுகிறாளா, ஏதாவது ஒரு சொல் குறைந்துவிட்டதா என்று இன்றைக்கும் நான் காது கொடுத்துக் கேட்டபடி இருக்கிறேன். டாக்டர் குறைவில்லை என்கிறார். “ஆனா இவ்வளவு நேரம் விடக் கூடாதும்மா” என்றும் சொன்னார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

மருத்துவமனையில் இருந்தபடியே போன் கம்பெனிக்குப் புகார் சொல்லக் கூப்பிட்டேன். ஒரு குரல், புகாருக்குரிய போனிலிருந்து அழைத்தால்தான் பதிவு செய்ய முடியும் என்றது. அந்தப் போன் வேலை செய்யவில்லை என்பதுதான் புகார் என்றேன். புரிகிறது மேடம், ஆனாலும் அந்தப் போனிலிருந்துதான் அழைக்க வேண்டும் என்றது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு முன்பின் தெரியாத ஆளைத் திட்டினேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகுதான் டெக்னீஷியன் வந்தார். துணிமணி எடுக்க நானும் அன்று ஊருக்கு வந்திருந்தேன். அவர் ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு மேலேயே உட்கார்ந்து சிரித்தார்.

“யாருண்ணே இதுக்குச் சில்வர் அடிச்சது? அலுமினியப் பொடி இது. சிக்னல் எப்பிடி உள்ள போவும்? சட்டியப் போட்டுக் கமுத்தி மூடுன மாதிரில்லா இருக்கு.”

கீழே நின்றவர்களும் சிரித்தார்கள். அவர் செல்போனில் பெட்டியைப் படம் எடுத்தார். “எங்க குரூப்ல போட்டா ஒரு மாசத்துக்குச் சிரிப்பானுவோ” என்றார்.

“என் பிள்ள சாகக் கெடந்தா. அதையும் சேத்துப் போடுங்க” என்றேன்.

சிரிப்பு நின்றது. அவர் பெட்டியைக் கழற்றிக் கீழே கொண்டு வந்து அடிப்பக்கத்தைக் காட்டினார். பெயின்ட் அடிக்கக் கூடாது என்று அங்கே எழுதித்தான் இருந்தது. இங்கிலீஷிலும் இந்தியிலும், குனிந்து நிமிர்ந்தாலும் கண்ணில் படாத இடத்தில். ஊரில் இங்கிலீஷ் வாசிக்கிறவர்கள் இல்லாமல் இல்லை. நான் இருக்கிறேன். அதை மாட்டிய அன்று என்னிடம் காட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எட்டிப் பார்த்தால் கேலி பண்ணத் தெரிந்தது.

மாமியார் அப்போதுதான் அந்த வாக்கியத்தை எடுத்தார். “நீதானளா துருப்புடிக்கும் துருப்புடிக்கும்னு அரிச்ச. அவன் பாவம், ஒனக்காவத்தான அடிச்சான்.”

துரு என்று சொன்னேன். பெயின்ட் என்று சொல்லவில்லை. இதைத்தான் அன்றும் சொன்னேன். ஆனாலும் அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவர் அந்த டப்பாவை வேறு எதற்காவது அடித்திருப்பாரோ? மிஞ்சிய பெயின்டை எப்படியும் எதற்காவது அடித்துத்தானே ஆக வேண்டும்? இரண்டு பக்கமும் யோசித்துப் பார்க்கிறேன். பெயின்ட் அடித்ததை நான் மன்னித்துவிட்டேன். தெரியாமல் செய்தது. அந்த ஊரில் பிறந்த எவரும் செய்திருக்கக்கூடியது. என் கோபம் அதற்கு அல்ல.

துணி மடித்துக்கொண்டிருந்த அறைக்கு அவர் வந்தார். நானே கேட்டேன்.

“செவப்பா எரியுதுன்னு ஒங்களுக்குத் தெரியும்லா?”

“தெரியும்.”

“அப்பொறம் ஏன் ஆமான்னீய?”

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“கீழ ஒருத்தன் டியூப்ல காத்து இழுத்துக்கிட்டுச் சங்கு பொறக்கிட்டு இருக்கும்போது, மேல காத்து மாறிட்டு, வள்ளம் ஆடுதுன்னு வையி. அவனுக்குத் தெரியப்படுத்த மாட்டோம். தெரிஞ்சா பதறி ஒரேயடியா மேல வருவான். அப்பிடி வந்தா ரத்தத்துல காத்து ஏறி, கை கால் வெளங்காம ஆயிரும். அதனால அவன் இடுப்புல கட்டுன கயித்த மெதுவா ரெண்டு இழு இழுப்போம். எல்லாம் சரி, பைய வான்னு அர்த்தம். நீயும் எப்பவும் பயந்துக்கிட்டே கெடக்க. பெஸ்தா முடியட்டும், ஆளக் கூட்டியாந்து சரி பண்ணிரலாம், அதுவரைக்கும் நீ நிம்மதியா இருக்கட்டும்னுதான் சொன்னேன்.”

“நான் கடலுக்கு அடியிலயா இருந்தேன்?”

மடித்த துணியைப் பையில் திணித்தேன்.

“கயித்த இழுக்கவன் அதோட விட்டுருவானா? கீழ இருக்கவன மேல கொண்டு வர எல்லா ஏற்பாடும் பண்ணிக்கிட்டுத்தான இழுப்பான்? நீங்க என்ன ஏற்பாடு பண்ணுனீய? பல்பு கட்டுனீய.”

அவர் அழுதார். நான் அவர் அழுது பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பையைத் தூக்கிக்கொண்டு நாசரேத்துக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

விளக்கு சிவப்பு என்று சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? குழந்தைக்கு உடம்பு சுட்ட காலையிலேயே, சப்பரமாவது விருந்தாளிகளாவது என்று தூக்கிக்கொண்டு நாசரேத்துக்கு வந்திருப்பேன். பயம் எனக்கு ஒரு நோய் என்று அந்த வீட்டில் எல்லாரும் நினைக்கிறார்கள். என் பிள்ளைக்கு அந்தப் பயம்தான் காவல். அதை என்னிடமிருந்து எடுத்துவிட்டு, நிம்மதி என்று பெயர் வைத்து எதையோ கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

இப்போது புதுப் பெட்டி மாட்டியாயிற்று. அதன் கீழே, பெயின்ட் அடிக்கக் கூடாது, துணி காயப்போடக் கூடாது என்று தமிழில் அவரே பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறாராம். தினமும் மாலையில் அந்தப் போனிலிருந்துதான் என்னைக் கூப்பிடுகிறார். போன் வேலை செய்கிறது என்பதற்கு அந்த அழைப்பே சாட்சி. ஆனாலும் நான் கேட்கிறேன்.

“விளக்கு எப்பிடி எரியுது?”

ஒரு சின்ன இடைவெளி. பிறகு, “பச்சை” என்று வரும்.

அந்த இடைவெளி என் கேள்வி வானத்துக்குப் போய்வரும் நேரம்தான். எனக்கு நன்றாகத் தெரியும். மாமியாரைப் பார்த்துச் சிரித்தவள்தான் நான். இருந்தாலும் ஒவ்வொரு மாலையும் அந்தச் சின்ன நேரத்துக்குள், அவர் எதையோ யோசித்துவிட்டுச் சொல்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. காய்ச்சல், வலிப்பு, போன் எல்லாவற்றையும்விட இதுதான் என்னை இங்கேயே பிடித்து வைத்திருக்கிறது.

மகளைப் பால்வாடியில் சேர்க்கும் வயது வந்துவிட்டது. இங்கேயா, அங்கேயா என்று கேட்கிறார்கள். அவர் வற்புறுத்தவில்லை. “நீ எப்ப சொல்லுதியோ அப்ப வந்து கூட்டிட்டுப் போறேன்” என்கிறார். அப்பா, போகாதே என்கிறார். அம்மா, போ என்கிறாள். மகள் தினமும் கடல் எங்கே என்று கேட்கிறாள்.

இதை வாசிக்கிற உங்களிடமும், பயப்படுவாளே என்று யாராவது இப்படி ஒரு “ஆமா” சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகும் நீங்கள் அதே வீட்டுக்குத் திரும்பிப் போயிருந்தால், போகும் முன் அவரிடம் என்ன கேட்டு வாங்கிக்கொண்டு போனீர்கள்? போகாமல் இருந்துவிட்டீர்கள் என்றால், அதை நினைத்து இப்போது வருந்துகிறீர்களா? தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். நான் பயப்படுவேனே என்று எதையும் குறைத்துச் சொல்ல வேண்டாம்.